சீனி தெரியாத நாக்கு

ஜெய்தூன் பீவியின் உடம்பைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை திண்டுக்கல் பேகம்பூரில் எல்லாருக்கும் இருந்தது. தண்ணீர் வண்டிக்குக் குடம் வைக்கப் போனால் எதிர்வீட்டுக்காரி, "குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள இம்புட்டு மூச்சு வாங்குதே, கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?" என்பாள். ஷேர் ஆட்டோவில் ஏறினால் முன்பின் தெரியாத ஒருவன் கம்பியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பெருமூச்சு விடுவான். சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சலாம் சொல்லி முடிப்பதற்குள் கண் இடுப்புக்குப் போய்விடும்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, தொண்ணூற்று நாலு கிலோ எடை. தொழில், கல்யாண வீடுகளுக்கு தம்ரூட் போட்டுக் கொடுப்பது. ரவை, பால்கோவா, நெய், சீனி எல்லாம் சேர்த்துப் பெரிய சட்டியில் கிண்டி, முட்டை அடித்து ஊற்றி, தாம்பாளங்களில் பரப்பி, கீழேயும் மேலேயும் தணல் வைத்து வேக வைக்கிற இனிப்பு அது. ஆறியபின் கத்தி போட்டால் துண்டு துண்டாக நிற்க வேண்டும். திண்டுக்கல்லில் பிரியாணிக்கு எத்தனையோ மாஸ்டர்கள் இருக்கலாம். தம்ரூட் என்றால் அந்தப் பக்கத்துக்கு ஜெய்தூன் பீவிதான். அவளிடம் தேதி கேட்டுவிட்டு அப்புறம் மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் உண்டு.

"சீனிச் சட்டி பக்கத்துலயே கெடக்கா, பெருக்காம என்ன செய்வா?" இந்தப் பேச்சுதான் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். கூடவே இருந்து பார்த்த மாதிரி என்ன ஒரு பேச்சு! இருபது வருடத்தில் அவள் ஒரு முழுத் துண்டு தம்ரூட் தின்றது கிடையாது. கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைப்பாள், துப்புவாள், வாய் கொப்புளிப்பாள், அவ்வளவுதான். மூன்றாவது பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனபோது ஏறிய உடம்பு அது, பிறகு இறங்கவே இல்லை. அப்புறம் சுகர் வந்தது, முட்டி வலி வந்தது. இதையெல்லாம் கேட்க ஒருத்தருக்கும் நேரம் இல்லை. சொல்ல மட்டும் எல்லாருக்கும் நேரம் இருந்தது.

அவள் அடுப்படியில் ஒரு சட்டம் உண்டு. சட்டிக்கு ஒரு நாக்குதான். பால்கோவா ஒருநாள் இனிப்பு தூக்கலாக வரும், ஒருநாள் சப்பென்று வரும். அதனால் சீனிக்குப் படியளவு வைக்க முடியாது. முட்டை ஊற்றுவதற்கு முன்னால் அவள் நாக்கு சொல்வதுதான் அளவு. இருபது வருடமாக விறகு தள்ளி, துடுப்புப் போட்டுக் கிண்டிக் கொடுக்கும் முத்துச்சாமிக்கும் அதே சட்டம்தான். சிறுமலை அடிவாரத்துக்காரன், அவளைவிட இரண்டு வயது சின்னவன். வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் விரலை நக்கிவிட்டான். "நாலு பேரு நாக்கு பாத்தா நாலு ருசிதான் வரும். ஏலே, வெளிய போ" என்று துடுப்பைப் பிடுங்கிவிட்டாள். அதோடு சரி, அவன் மறுபடி வாயில் வைத்ததில்லை, வாய் திறந்ததும் இல்லை.

இந்த வருடம் முட்டி அவளை ரொம்பப் படுத்தியது. சட்டி முன்னால் இரண்டு மணி நேரம் நிற்க முடியவில்லை என்றால் தொழில் கையை விட்டுப் போகும். பயந்துபோய் டாக்டர் இளவேனிலிடம் போனாள். இரண்டு வருடமாகச் சுகருக்குப் போகிற இடம்தான். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"எடை குறையலேன்னா ஒரு வருஷத்துல நடக்கவே கஷ்டப்படுவீங்கம்மா. வாரம் ஒரு ஊசி இருக்கு, பசியைக் குறைக்கும், எடையும் இறங்கும், சுகரும் கட்டுப்படும். எழுதித் தரேன். ஸ்வீட் எல்லாம் சுத்தமா நிறுத்திடுங்க."

"நான் ஸ்வீட்டு திங்கிறது இல்ல டாக்டர்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று டாக்டரம்மா அடுத்த டோக்கனுக்கு மணி அடித்துவிட்டார்.

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. வீட்டுக்கு வந்தால் அங்கே கணவர் சௌகத் அலி. தோல் பதனிடும் ஷாப்பில் தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்கிற மனுஷர், ஊசி என்றதும் முகம் வெளுத்துவிட்டார். "ஊசின்னா முத்திப்போச்சுன்னுதான அர்த்தம்? என்னயப் பெத்த அத்தாவுக்கு ஊசி போட ஆரம்பிச்சாக, ரெண்டு வருசத்துல காலை எடுத்தாக. வேணாம் ஜெய்தூன்." அது இன்சுலின், இது வேறு என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்த டாக்டர்தான் மணி அடித்துவிட்டாரே.

இந்தச் சந்தில்தான் அஃப்சானா நுழைந்தாள். அஃப்சானா கொழுந்தன் பொண்டாட்டி, ஜெய்தூன் பீவியை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். நாகல் நகரில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, 'நலம் நாடும் மையம்' என்று போர்டு வைத்து, எடை குறைக்கிற பொடி விற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டம், மைக், கைத்தட்டல் எல்லாம் உண்டு.

"ஊசியெல்லாம் கெமிக்கல் லாத்தா. இது சிறுமலை மூலிகை, பக்கவிளைவே கெடையாது. ஒங்க சுகர் மாத்திரையக்கூட நிறுத்திரலாம், எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு."

டப்பாவில் 'மலைநிறைவுச் சூரணம்' என்று போட்டு, ஒரு மலையும் ஒல்லியாக ஒரு பெண்ணும் இருந்தார்கள். உள்ளே என்ன இலை என்று போடவில்லை. கேட்டதற்கு, "அது கம்பெனி ரகசியம்" என்றாள் அஃப்சானா. பொடியை வெந்நீரில் கலக்கி வாயில் ஊற்றி, செத்த நேரம் கொப்புளித்து, பிறகு விழுங்க வேண்டும். மூன்று வேளை. பசியே எடுக்காது.

முஹர்ரம் பிறந்த சமயம் அது. முஹர்ரத்திலும் சஃபரிலும் அந்தப் பக்கத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், இரண்டு மாதம் அவள் அடுப்புக்கு ஓய்வு. அடுத்த ஆர்டர் வருவதற்குள் இளைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் ஜெய்தூன் பீவி டப்பாவைத் திறந்தாள். சுகர் மாத்திரையையும் நிறுத்தினாள்.

பொய் சொல்லக் கூடாது, பசி செத்துத்தான் போனது. தட்டைப் பார்த்தாலே சலிப்பு வந்தது. நோன்பில் ஆசை ஆசையாக எடுக்கிற பேரீச்சம்பழம் வாயில் ஈரத்துணி மாதிரி கிடந்தது. ஆசை அத்துப்போச்சு, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். தாகம் அடங்கவில்லை, தலை சுற்றியது, கால் கிடுகிடுத்தது. சொன்னால், "கழிவு வெளியேறுது லாத்தா, நல்ல அறிகுறி" என்றாள் அஃப்சானா. ஏழு வாரத்தில் ஏழு கிலோ போயிற்று. அஃப்சானா ஓடிவந்து போட்டோ எடுத்துக்கொண்டு போய், பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கம் பக்கமாக ஃபிளெக்ஸ் அடித்து மையத்தின் வாசலில் கட்டிவிட்டாள்.

எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "மூஞ்சியெல்லாம் வத்திப் போச்சே, என்ன சீக்கு?" என்றாள். பெருத்தாலும் பேச்சு, இளைத்தாலும் பேச்சு. குடத்தைத் தூக்கி அவள் தலையில் போடலாமா என்று இருந்தது ஜெய்தூன் பீவிக்கு.

சஃபர் முடிந்து முதல் கல்யாணம் அல் அமீன் பாய் மகளுடையது. அறுநூறு பேர். அவருடைய மூத்த மகள் கல்யாணத்துக்கும் ஜெய்தூன் பீவிதான் தம்ரூட் போட்டாள். விடியலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வழக்கம்போலப் பொடியைக் கரைத்துக் கொப்புளித்து விழுங்கினாள். ஆர்டர் நாளில் வயிறு கூப்பிடாமல் இருந்தால் நிம்மதியாக வேலை ஓடும் என்று ஒரு கரண்டி கூடவே போட்டுக்கொண்டாள். பிறகு முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சட்டி முன்னால் வந்து நின்றாள்.

முத்துச்சாமி கிண்டினான். பால்கோவா கரைந்து நெய் வாசம் சந்து முனை வரைக்கும் போனது. அவள் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். சீனியே இல்லை.

"போடு" என்றாள். போட்டான். மறுபடி தொட்டாள். ரவை தெரிந்தது, நெய் தெரிந்தது, சீனி மட்டும் தெரியவில்லை. "இன்னைக்கு கோவா என்னடா இம்புட்டு சப்புன்னு இருக்கு? இன்னும் போடு." முத்துச்சாமி ஒரு தடவை மூட்டையைப் பார்த்தான், ஒரு தடவை அவளைப் பார்த்தான். "போடுங்கிறேன்ல!" போட்டான். நாலாவது தடவைதான் லேசாக ஒரு இனிப்பு நாக்கில் எட்டிப் பார்த்தது. முட்டையை ஊற்றச் சொன்னாள்.

சீனி அளவுக்கு மேலே போனால் தம்ரூட் இறுகாது. மண்டபத்தில் கத்தி போட்டபோது மேலே கரிந்திருந்தது, உள்ளே பாகாக வழிந்தது. துண்டு நிற்காமல் தட்டில் சரிந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடினார்கள். கையைத் துடைக்கத் துடைக்கப் பிசுக்கு போகவில்லை. ஒரு பெரியவர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார், அதைப் பார்த்து அடுத்தவரும் தள்ளினார். அல் அமீன் பாய் சமையல்கட்டுக்கே வந்து, "பரவாயில்லம்மா, எப்பவாச்சும் இப்டி ஆகுறதுதான்" என்றார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மனுஷன். அவருக்குப் பின்னால் பட்டுப்புடவையில் நின்ற அஃப்சானா பக்கத்திலிருந்தவளிடம், "லாத்தாவுக்கு வயசாயிருச்சு, பாவம்" என்று சொன்னதும் நன்றாகவே காதில் விழுந்தது.

வீட்டு வாசலில் சட்டிகளை இறக்கும்போது ஜெய்தூன் பீவி வெடித்தாள். "மூட்டை காலியாகுறத நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த? ஏலே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

முத்துச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். "ஒங்க நாக்குக்கு மேல நான் யாருக்கா சொல்றதுக்கு?"

அவள் நாக்கு! கோபத்தில் அழுகை வந்துவிட்டது அவளுக்கு. அடுப்படிக்குள் போய்த் திட்டில் இருந்த டப்பாவை எட்டித் தள்ளினாள், பொடி சிதறியது. பின்னாலேயே வந்த முத்துச்சாமி குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தான், நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"இதையாக்கா குடிச்சீங்க? இதுல சிறுகுறிஞ்சான்ல இருக்கு. எங்க ஊரு வேலியில படர்ந்து கெடக்கும், சக்கரக்கொல்லின்னும் சொல்லுவாக. இலைய மென்னுட்டு சீனியத் தின்னா மண்ணத் திங்கிற மாதிரி இருக்கும். செத்த நேரத்துக்கு நாக்குல இனிப்பே ஏறாது."

அவள் நம்பவில்லை. மிச்சப் பொடியைக் கரைத்துக் கொப்புளித்துவிட்டு ஒரு கை சீனியை அள்ளி வாயில் போட்டாள். நறநறவென்று மணல். சீனியைத் துப்பிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி வலித்தது கூடத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு நாகல் நகர் மாடி அறையில் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெய்தூன் பீவி தன் படம் போட்ட ஃபிளெக்ஸைத் தாண்டி, படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி, நேரே போய் அஃப்சானா கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். இடுப்பில் சொருகி வந்திருந்த சீனிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள்.

"இந்தப் பொடி என் நாக்கைத் தின்னுருச்சு. என் தொழில நாசம் பண்ணிருச்சு. மாத்திரைய நிறுத்தச் சொன்னா இவ, நானும் புத்தி கெட்டு நிறுத்தினேன். இதுல இருக்குறது வேலியில மொளைக்கிற சிறுகுறிஞ்சான். நம்பலையா? யாராச்சும் ஒருத்தர் வந்து இதக் கொப்புளிச்சுட்டு இந்தச் சீனியத் தின்னு பாருங்க."

முன்வரிசையில் செபாஸ்தியம்மாள் என்றொரு அம்மாள், அன்றுதான் முதல் தடவை வந்தவர், எழுந்து வந்தார். கொப்புளித்தார், விழுங்கினார், சீனியை வாயில் போட்டார். கண் விரிந்தது. "யாத்தே! மண்ணு மாதிரி இருக்கே!"

ஜெய்தூன் பீவி நெஞ்சு நிமிர்ந்தது. அஃப்சானா ஒரு விநாடிதான் திகைத்தாள். பிறகு மைக்கை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"கேட்டீங்களா எல்லாரும்? சீனியவே மண்ணாக்குது நம்ம சூரணம்! இனிப்பு மேல ஆசையே வராது. இதவிட என்ன சாட்சி வேணும்? எங்க லாத்தா வாயாலயே சொல்லிட்டாங்க. கை தட்டுங்க!"

தட்டினார்கள். நாற்பது பேரும் தட்டினார்கள். செபாஸ்தியம்மாள் அங்கேயே இரண்டு டப்பா வாங்கினார். ஜெய்தூன் பீவி கத்தியது கைத்தட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. இறங்கி வரும்போது ஃபிளெக்ஸைக் கிழித்தாள். ஓரம் மட்டும்தான் கிழிந்தது, அவள் இளைத்த படம் அப்படியே சிரித்துக்கொண்டு நின்றது.

அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சுகர் எகிறியிருந்தது. மாத்திரையை நிறுத்திய கதையைச் சொன்னாள். டாக்டர் இளவேனில் ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? படிச்சுப் படிச்சு..." என்று ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க டாக்டர்." குரல் வெளியே டோக்கன் வைத்திருந்தவர்கள் வரை போனது. "நான் செஞ்சது தப்புத்தான். அதுக்கு என்னைத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா ரெண்டு வருசமா வாரேன். நான் என்ன வேல பாக்குறேன்னு ஒரு தடவ கேட்டீகளா? இந்த ஊசி எதுக்கு, போட்டா என்ன ஆகும்னு ஒரு வார்த்த சொன்னீகளா? ஸ்வீட்ட நிறுத்துன்னீங்க. ஸ்வீட்டுதான் டாக்டர் என் பொழப்பு. திங்கிறது இல்ல, செய்யிறது. என் நாக்குலதான் என் அடுப்பு எரியுது. ஊசி போட்டா இந்த நாக்கும் போகுமா? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். மணியின் மேல் இருந்த கையையும் எடுத்தார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டிருக்கணும், கேக்கல" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். இது இன்சுலின் இல்லை. குமட்டல் வரலாம், சாப்பாடு கொஞ்சத்திலேயே போதும் என்று ஆகும். சிலருக்கு ருசி மாறுவதாகச் சொல்கிறார்கள். "உங்களுக்கு எப்படி இருக்கும்னு இப்பவே என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. குறைஞ்ச அளவுல ஆரம்பிப்போம். நாக்குல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா உடனே வாங்க, நிறுத்திட்டு வேற வழி பார்ப்போம். மாத்திரையை மட்டும் இன்னைக்கே திரும்ப ஆரம்பிங்க."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதே ஜெய்தூன் பீவிக்குப் போதுமாக இருந்தது. வீட்டில் சௌகத் அலி, "ஊசின்னா..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் பேச்சைப் பாதியிலேயே விழுங்கிக்கொண்டு ஐஸ்பெட்டியில் ஊசி மருந்துக்கு இடம் ஒதுக்கினார்.

ஊசி போட ஆரம்பித்து மூன்று வாரம் ஆயிற்று. இரண்டு நாள் குமட்டியது, அப்புறம் அடங்கியது. பசி சிறுத்திருந்தது, ஆனால் செத்துப்போகவில்லை. ஆர்டர்தான் வரவில்லை. கேட்டு வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் மதுரையிலிருந்து ஆள் பிடித்துவிட்டார்கள். கடைசியில் சின்னாளபட்டிப் பக்கம் ஒரு சின்னக் கல்யாணம், நூற்றைம்பது பேர். அந்த வீட்டுக்காரருக்கு அல் அமீன் பாய் வீட்டுக் கதை தெரியாது போல. இது கெட்டால் அவள் பெயர் அதோடு முடிந்தது.

காலையில் சட்டி கொதித்தது. அவள் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். சீனி தெரிந்தது. பளிச்சென்று தெரிந்தது. அரைக் கை குறைகிறது என்றுகூடத் தெரிந்தது. ஆனால் அந்த நாக்கை நம்ப அவளுக்குத் தைரியம் இல்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். முத்துச்சாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டான்.

"இந்தா" என்று கரண்டியை அவனிடம் நீட்டினாள். "நீ பாரு."

அவன் பதறி இரண்டடி பின்னால் போனான். "நானாக்கா?"

"ஒன்னையத்தான். பாத்துச் சொல்லு."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான்.

"அரைக் கை பத்தலக்கா" என்றான்.

அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த விநாடியே கோபமும் வந்தது. "இம்புட்டுத் துல்லியமா ருசி தெரியுதுல்ல? இத்தன வருசம் இதைச் சொல்லாம ஏன்டா இருந்த?"

முத்துச்சாமி துடுப்பை நிறுத்தாமலே சொன்னான். "நீங்க ஒரு தடவகூடக் கேட்டதில்லையேக்கா."

'ஒரு தடவ கேட்டீகளா?' என்று டாக்டரிடம் தான் கத்தியது அவள் காதிலேயே திரும்ப ஒலித்தது. சீனி மூட்டையை அவன் பக்கமாக நகர்த்தி, "நீயே போடு" என்றாள்.